பத்திரிகைக் கலாசாலை கண்ட புலிட்சர்

நமது சங்க வெளியீட்டின் பக்கங்களில் கல்விமான்கள், கொடையாளிகள், வணிகப் பெருமக்கள் முதலியோரின் சரிதைகள் அவ்வப்போது வெளிவருவதை அன்பர்கள் அறிவார்கள். இம்முறை நாம் எடுத்துக் கொண்டவர் நம் இனத்தவரல்லர், நம் நாட்டவருமல்லர். ஆயினும் சபுர் போன இடத்தில் வெறுங்கையோடு நின்று, பாஷை தெரியாமல் விழித்து, பிறகு தலை நிமிர்ந்தவர் என்ற வகையில் நம் சமூகத்துப் பெரியவர்கள் பலருடைய கதைக்கும் இவருடைய கதைக்கும் தூரம் அதிகமில்லை.

இவரைப் பற்றி எழுத நேர்ந்த காரணத்தையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். சில வாரங்களுக்கு முன் நம் தமக்கையார் மகன் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் கடைக்கு வந்தான். கல்லூரியில் சேர்ந்து அச்சுப் பத்திரிகைக் கலை படிக்கப் போவதாகவும், தகப்பனார் இல்லாத பிள்ளையாகையால் பொறுப்பாளர் என்ற இடத்தில் நாம் ஒப்பமிட வேண்டும் என்றும் கேட்டான். அப்போது நாம் பருப்பு நிறுத்துக் கொண்டிருந்தோம். செய்தித்தாளில் எழுதுவதற்குமா ஒரு படிப்பு, கை வந்தவன் எழுதுகிறான், வராதவன் நம்மைப் போல் வாங்கி விற்கிறான் என்று சொல்லி, வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் பார்க்கச் சிரித்து விட்டோம். பையன் மறுமொழி சொல்லவில்லை. படிவத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இரவு கடையைச் சாத்தும்போது அது அங்கேயே கிடந்தது. மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் படிப்பை முடித்துக் கொண்ட நாம், படிக்கப் புறப்பட்டவனைப் பார்த்துச் சிரித்தது நியாயமா என்று மனம் உறுத்திற்று. அடுத்த விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போய், இந்தப் படிப்பு யாரால், எப்படி உண்டாயிற்று என்று தேடினோம். அங்கே கிடைத்த பெயர் ஜோசப் புலிட்சர்.

புலிட்சர் 1847-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி ஹங்கேரி தேசத்தில் மாக்கோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் யூத சமூகத்தைச் சேர்ந்த தானிய வியாபாரி. குடும்பம் பெஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்து சில காலம் வசதியாக வாழ்ந்தது. 1858-இல் தந்தையார் காலமானார். அதன்பின் வியாபாரம் நொடித்துப் போயிற்று. கூடப்பிறந்தவர்களில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்தனர். தாயார் மறுமணம் செய்து கொண்டார். வீட்டில் தமக்கு இடமில்லை என்று எண்ணிய வாலிபர் பட்டாளத்தில் சேரப் பார்த்தார். உயரம் இருந்தது, உடம்பில் சதையில்லை. கண் பார்வையோ மிகவும் மட்டம். ஆகவே ஆஸ்திரியப் பட்டாளத்தார் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயம் அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டு யுத்தம் நடந்து கொண்டிருந்தது. வடபகுதிப் படைக்கு ஆள் தேவைப்பட்டதால், ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஆள் பிடிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கண் பார்வை ஒரு பொருட்டல்ல. 1864-இல், பதினேழு வயதில், புலிட்சர் அமெரிக்கா சேர்ந்து குதிரைப் படையில் அமர்த்தப்பட்டார். அந்தப் படையில் ஜெர்மன் பேசுவோர் பலர் இருந்தபடியால், எட்டு மாதங்கள் கழித்து யுத்தம் முடிந்து வெளியே வந்தபோதும் அவருக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை.

நியூயார்க்கில் வேலை கிட்டவில்லை. ஜெர்மானியர் நிறையக் குடியிருந்த செயிண்ட் லூயிஸ் நகரத்துக்கு 1865-இல் போய்ச் சேர்ந்தார். மிசிசிப்பி ஆற்றைக் கடக்கக் கையில் காசில்லை. படகின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுக் கூலிக்குப் பதில் அக்கரை சேர்ந்தார் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு கோவேறு கழுதைகளைப் பராமரித்தார், சாப்பாட்டுக் கடையில் பரிமாறினார், மூட்டை தூக்கினார். எதிலும் நிலைக்கவில்லை. சாப்பாட்டுக் கடை வேலை போன விதத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு, அவற்றை விட்டு விடுவோம். கடை வைத்திருக்கும் நமக்கு, அப்படிப்பட்ட சிப்பந்தியை நாமும் வைத்துக் கொண்டிருக்க மாட்டோம் என்றே தோன்றுகிறது.

அந்த நகரத்தில் வணிகர் சங்கத்து நூலகம் ஒன்று இருந்தது. மெர்க்கன்டைல் நூலகம் என்று பெயர். வியாபாரிகளும் அவர்களுடைய குமாஸ்தாக்களும் படிப்பதற்காக ஏற்பட்டது. வேலை முடிந்த நேரமெல்லாம் புலிட்சர் அங்கேதான் கிடந்தார். அங்கேதான் ஆங்கிலம் கற்றார், சட்டம் படித்தார். 1867-இல் அமெரிக்கப் பிரஜையானார். மறு ஆண்டு வழக்கறிஞர் தொழில் நடத்தவும் அனுமதி பெற்றார். ஆனால் உச்சரிப்புக் கொச்சையாக இருந்த இந்த இளைஞரிடம் யாரும் வழக்குக் கொண்டு வரவில்லை. ஒரு கல்லூரி வாசலையும் மிதியாத இவர் பெற்ற கல்வி முழுவதும் அந்த வாசகசாலையின் மேசையில் பெற்றது. வணிகர்கள் சேர்ந்து நடத்திய ஒரு நூலகம் ஓர் அந்நியப் பையனை இப்படி ஆக்கிற்று என்பதை நம் வியாபாரப் பெருமக்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

பத்திரிகைக்குள் அவர் நுழைந்ததற்கு ஒரு மோசடி காரணமாயிற்று. லூயிசியானாவில் சர்க்கரைத் தோட்டத்தில் நல்ல வேலை என்று ஒருவன் பேசி, ஆளுக்கு 5 வெள்ளி வசூலித்து ஒரு கூட்டத்தை நீராவிப் படகில் ஏற்றினான். (அமெரிக்க டாலரைத்தான் நம் வழக்கப்படி வெள்ளி என்கிறோம், சதத்தைக் காசு என்கிறோம்.) நகரத்துக்குத் தெற்கே முப்பது மைல் போனதும் ஒரு கரையில் இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. ஏமாந்தவர்கள் நடந்தே திரும்பினார்கள். அந்த அனுபவத்தைப் புலிட்சர் ஜெர்மன் மொழியில் எழுதினார். செயிண்ட் லூயிஸில் வெளிவந்த வெஸ்ட்லிஷே போஸ்ட் என்ற ஜெர்மன் தினசரி அதைப் பிரசுரித்தது. அந்தப் பத்திரிகையை நடத்திய கார்ல் ஷூர்ஸ், எமில் ப்ரீடோரியஸ் இருவரும் நூலகத்தின் சதுரங்க அறைக்கு வருவது வழக்கம். ஆட்டத்தைப் பார்த்துக் கொண்டும் விமர்சித்துக் கொண்டும் நின்ற இளைஞருடன் பழக்கம் ஏற்பட்டது. 1868-இல் நிருபர் வேலை கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஏற்றம் வேகமானது. பகலிரவு பாராமல் உழைத்தார். இருபத்திரண்டு வயதில் மிசூரி மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டப்படி இருபத்து நான்கு வயது ஆகியிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. மாநிலத் தலைநகரில் ஒரு காண்டிராக்டருடன் வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கியால் காலில் சுட்டு, அபராதமும் கட்டினார். கோபம் அவருடைய பெரிய குறை. அவரிடம் வேலை செய்த எவரும் அதற்குத் தப்பியதில்லை.

1878-இல் செயிண்ட் லூயிஸ் டிஸ்பாட்ச் என்ற நொடித்த பத்திரிகை நீதிமன்ற ஏலத்துக்கு வந்தது. 2,500 வெள்ளிக்கு ஏலத்தில் எடுத்தார். சில நாட்களிலேயே போஸ்ட் என்ற மற்றொரு பத்திரிகையுடன் இணைத்து, போஸ்ட்-டிஸ்பாட்ச் ஆக்கினார். ஊரில் பெரிய பணக்காரர்கள் தங்கள் சொத்து மதிப்பைக் குறைத்துக் காட்டி வரி ஏய்ப்பதைக் கண்டுபிடித்து, இன்னார் இவ்வளவு காட்டியிருக்கிறார் என்று பெயர் போட்டு அச்சிட்டார். பணக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். சாதாரண ஜனங்கள் பத்திரிகை வாங்கினார்கள்.

1883-இல் நியூயார்க் வோர்ல்டு பத்திரிகையை ஜே கூல்டு என்ற பெரும் முதலாளியிடமிருந்து 346,000 வெள்ளிக்கு வாங்கினார். அப்போது அது 15,000 பிரதிகள் அளவில் தள்ளாடிக் கொண்டிருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் விற்பனை இரண்டு லட்சத்தைத் தாண்டிற்று. கப்பலில் வந்திறங்கி அரைகுறை ஆங்கிலத்தோடு கூலி வேலை செய்தவர்களுக்கும் விளங்கும்படி எழுதச் சொன்னார். பெரிய தலைப்பு, படம், எளிய வாக்கியம். தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் பிரெஞ்சு மக்கள் அன்பளிப்பாகத் தந்தார்கள். அதை நிறுத்தப் பீடம் கட்டுவதற்குப் பணமில்லை. அரசாங்கமும் கொடுக்கவில்லை, கோடீசுவரர்களும் கொடுக்கவில்லை. 1885 மார்ச்சில் புலிட்சர் பத்திரிகை மூலம் வசூல் தொடங்கினார். ஒரு காசு கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வரும் என்று அறிவித்தார். ஆகஸ்டுக்குள் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு வெள்ளிக்கும் குறைவு. நன்கொடை ரசீதும், பெயர்ப் பட்டியலும், அதில் ஓர் எழுத்துத் தவறினால் வரும் மனஸ்தாபமும் என்னவென்று நம் சங்கப் பொருளாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1887-இல் நெல்லி பிளை என்ற இளம்பெண் நிருபர், சித்தப்பிரமை பிடித்தவள் போல் நடித்து நியூயார்க் பைத்தியக்கார மருத்துவமனையில் பத்து நாட்கள் இருந்து, அங்கே நோயாளிகள் படும் கொடுமையை வோர்ல்டில் எழுதினார். விசாரணை நடந்து, மருத்துவமனைக்கு அரசாங்கம் செலவிடும் தொகை உயர்த்தப்பட்டது.

இவ்வளவு கொடிகட்டிப் பறந்த நேரத்தில் கண் போயிற்று. 1887 முதல் பார்வை மங்கி, 1890-இல் தமது நாற்பத்து மூன்றாவது வயதில் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டில்தான் வோர்ல்டுக்குப் புதிய கட்டடம் எழும்பிற்று. 309 அடி உயரம். அன்றைக்கு நியூயார்க்கிலேயே உயரமானது. அதை அவர் கண்ணாரப் பார்க்கவில்லை. பார்வை போனதோடு, சிறு சத்தமும் தாங்க முடியாத நரம்பு நோயும் பற்றிக் கொண்டது. காகிதத்தைக் கசக்கினாலும் துடிப்பார். மெய்ன் மாநிலத்தில் கடலோர மாளிகையில் சத்தம் புகாத கல் கோபுரம் கட்டிக் கொண்டார். காரியதரிசிகள் பலரை நியமித்து, பத்திரிகையை வரி விடாமல் படித்துக் காட்டச் சொல்வார். படித்தவர் தவறினால் தொலைந்தார். இருபது ஆண்டுகள் இப்படியே, தந்தி மூலமும் கடிதம் மூலமும், கண்ணில்லாமல் பத்திரிகை நடத்தினார். 1897-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பதினேழு வயது மகள் லூசில் காய்ச்சலில் இறந்தாள். அதன் பின் அவர் முன்போல் இல்லை என்பார்கள்.

இனி அவருடைய பெருமைக்குக் குறைவானதையும் சொல்ல வேண்டும். மறைத்தால் இது சரிதையாகாது, விளம்பரமாகும். 1895-இல் ஹெர்ஸ்ட் என்ற இளம் செல்வந்தர் நியூயார்க் ஜர்னல் பத்திரிகையை வாங்கிப் போட்டியில் இறங்கினார். போட்டியில் இருவரும் நிதானம் இழந்தார்கள். 1898 பிப்ரவரி 15-ஆம் தேதி ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டனர். காரணம் தெரியுமுன்பே ஸ்பெயின்காரர் மேல் பழி சாய்ந்த செய்திகள் இரண்டு பத்திரிகைகளிலும் கொட்டை எழுத்தில் வந்தன. இரண்டு மாதத்தில் யுத்தம் வந்தது. யுத்தம் வந்ததற்குப் பத்திரிகைகள் மட்டுமே காரணமல்ல. ஆனால் நெருப்புக்கு விசிறி பிடித்தவை அவை. 1976-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிக்கோவர் ஆராய்ந்து, கப்பலுக்குள்ளேயே நிலக்கரி அறையில் பற்றிய தீதான் காரணமாக இருக்கக் கூடும் என்று முடிவு கூறினார். எழுபத்தெட்டு வருஷம் பிந்திய திருத்தம்.

இன்னொன்று நம் தொழிலைத் தொட்டது. நியூயார்க் தெருக்களில் பத்திரிகை விற்றவர்கள் ஏழைச் சிறுவர்கள். நூறு பத்திரிகை 50 காசுக்கு வாங்கி, ஒன்று ஒரு காசாக விற்பார்கள். எல்லாம் விற்றால் 50 காசு லாபம். விற்காதது பையன் தலையில். 1898 யுத்த காலத்தில் கொள்முதல் விலையை 60 காசாக உயர்த்தினார்கள். அப்போது விற்பனை அமோகமாக இருந்ததால் பையன்கள் பொறுத்துக் கொண்டார்கள். யுத்தம் முடிந்ததும் மற்றப் பத்திரிகைகள் விலையை இறக்கின. வோர்ல்டும் ஜர்னலும் இறக்கவில்லை. 1899 ஜூலையில் பையன்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். இரண்டு வார காலத்தில் வோர்ல்டின் விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. கடைசியில் விலை 60 காசாகவே நின்றது; ஆனால் விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக் கொள்வதாக ஒப்புக் கொண்டார்கள். நாமும் கடை வாசலில் பத்திரிகை போட்டு விற்றவர்தாம். திருப்பி எடுக்கப்படும் பிரதிக்கும் எடுக்கப்படாத பிரதிக்கும் உள்ள வித்தியாசம் மாதக் கடைசியில் பேரேட்டில் தெரியும். கரி அள்ளிப் பிழைத்த மனிதர் அந்தப் பையன்களின் பத்துக் காசைப் பிடித்து வைத்தது நமக்கு விளங்கவில்லை.

இப்படிப்பட்டவர்தாம் பத்திரிகைத் தொழிலுக்குப் பாடசாலை வேண்டும் என்றார். யுத்தக் காலக் கூத்துக்குப் பிராயச்சித்தமாகச் செய்தார் என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கு அப்படி இல்லை. 1892-ஆம் ஆண்டிலேயே கொலம்பியாவின் தலைவர் செத் லோவிடம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நிர்வாகிகள் ஏற்கவில்லை. பத்திரிகைத் தொழில் அச்சுக்கூடத்தில் மை பூசிக் கொண்டு கற்பது, அதற்குப் பட்டம் எதற்கு என்பதே அக்காலத்துப் பொதுவான எண்ணம். நாம் தராசுக்குப் பின்னால் நின்று சொன்னதும் அதுவே.

1902-இல் கொலம்பியாவுக்கு நிக்கலஸ் பட்லர் தலைவரானார். அவர் செவி சாய்த்தார். புலிட்சர் கண் தெரியாத நிலையில் திட்டத்தை வாயால் சொல்லச் சொல்லக் காரியதரிசிகள் எழுதினார்கள். ஹார்வர்டின் தலைவர் எலியட்டையும் கலந்தார்கள். எலியட் அனுப்பிய பாடத்திட்டத்தில் விளம்பரம் சேர்ப்பது, விற்பனை பெருக்குவது, நிர்வாகம் செய்வது எல்லாம் இருந்தன. புலிட்சர் அவற்றை வேண்டாமென்றார். பத்திரிகை வியாபாரத்தில் கோடிகள் குவித்தவர், தம் கலாசாலையில் வியாபாரம் சொல்லித் தரக் கூடாது என்றார். சரித்திரம், சட்டம், பொருளாதாரம், புள்ளிக் கணக்கு, அந்நிய மொழிகள், நடையழகு, எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்தியைச் சரிபார்க்கும் பழக்கம், நேர்மை இவையே வேண்டும் என்றார். வோர்ல்டு காரியாலயத்துச் சுவர்களிலும், செய்தி பிசகக் கூடாது என்பதை நினைவூட்டும் அட்டைகள் தொங்கினவாம். தொங்கிய அட்டையை எல்லோரும் எல்லா நாளும் பார்க்கவில்லை என்பதை மேலே கண்டோம்.

1903-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. மொத்தம் 20 லட்சம் வெள்ளி. கேலி செய்தவர்களுக்குப் பதிலாக 1904 மே மாதம் நார்த் அமெரிக்கன் ரிவியூ என்ற சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். பத்திரிகையாளன் பிறவியிலேயே வர வேண்டும் என்ற வாதத்தை அதில் எடுத்துக் கொண்டு, வழக்கறிஞரும் வைத்தியரும் பயிற்சி பெற்றே தொழிலுக்கு வருகிறார்கள், இதற்கு மட்டும் ஏன் விலக்கு என்று வாதாடினார். பிறவித் திறமை உள்ளவனுக்கும் அதைத் தீட்ட ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கட்சி. நூலக மேசையில் தாமே தட்டுத் தடுமாறிக் கற்றவர், பிறர் அவ்வளவு தடுமாற வேண்டியதில்லை என்று நினைத்ததாக நாம் எடுத்துக் கொள்கிறோம்.

ஆனால் ஆலோசனைக் குழுவில் யார் யார் இருப்பது என்பதில் பட்லருக்கும் அவருக்கும் பிணக்கு வந்தது. பழைய கோபம் தலைகாட்ட, தாம் இறந்த பிறகு கலாசாலையைத் திறந்து கொள்ளுங்கள் என்று ஒத்திப் போட்டுவிட்டார். அதற்குள், அவர் கரி அள்ளி வந்து சேர்ந்த அதே மிசூரி மாநிலத்தில், மாநிலப் பல்கலைக் கழகம் 1908-இல் பத்திரிகைக் கலாசாலையைத் திறந்து முந்திக் கொண்டது. அதைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் என்பவரும் அச்சுக்கூடத்து எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கி, கல்லூரிப் படிப்பு இல்லாமலே ஆசிரியரானவர்.

1911 அக்டோபர் 29-ஆம் தேதி, தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தம் சொந்தக் கப்பலில் புலிட்சர் காலமானார். கடைசி நேரத்திலும் ஒரு காரியதரிசி அவருக்குச் சரித்திர நூல் ஒன்றைப் படித்துக் கொண்டிருந்தார். 1912 செப்டம்பரில் கொலம்பியா கலாசாலை திறக்கப்பட்டது. முதல் மாணவர்கள் எண்பது பேர் அளவில், பெண்களும் இருந்தனர். அவர் பெயரால் பரிசுகள் 1917 முதல் வழங்கப்படுகின்றன.

வோர்ல்டு பத்திரிகையை விற்கக் கூடாது என்று உயில் எழுதியிருந்தார். பிள்ளைகள் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கி 1931-இல் விற்றுவிட்டார்கள். பத்திரிகை அத்தோடு மறைந்தது. 309 அடிக் கட்டடத்தையும் 1955-இல் புரூக்ளின் பாலத்துக்குப் போகும் வழியை அகலப்படுத்த இடித்தார்கள். கலாசாலை நடக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தமக்கையார் மகனை அழைத்துப் படிக்கச் சொன்னோம். இரண்டு இடங்களில் ஆண்டைத் தவறாக எழுதியிருந்தோம். நூலகத்துப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுத்தான். படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தோம். பருப்புத் தூசி படிந்திருந்ததைத் தட்டிவிட்டு எடுத்துக் கொண்டு போனான்.